வீடியோவில் நான் டீ கொடுக்கிறேன்

அந்தமான் படாக் மரத்தை இழைத்தால் வருகிற தூள் செங்கல் நிறத்தில் இருக்கும். துணியில் பட்டால் போகாது. கையில் பட்டால் நகக்கண்ணில் போய் உட்கார்ந்துகொள்ளும். வருடக்கணக்காக என் கை அப்படித்தான் இருக்கிறது. மருதாணியா என்று பஸ்ஸில் கேட்பார்கள். என் கணவரின் கையில் அந்தத் தூள் முதன்முதலாக ஒட்டியது போன வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். அதுவும் தானாக ஒட்டவில்லை. வீடியோ எடுக்க வந்த ஆள் வீட்டை ஒட்டிய என் பட்டறைத் தரையிலிருந்து ஒரு பிடி அள்ளி, "சார், கொஞ்சம் கையில தேய்ச்சுக்கோங்க, நேச்சுரலா இருக்கும்" என்று கொடுத்தார். என் கணவர் தேய்த்துக்கொண்டார்.

நான் அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.



போர்ட் பிளேரில் நாங்கள் இரண்டாம் தலைமுறை. அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர். அரசாங்கக் குவார்ட்டர்ஸுக்குக் கதவும் ஜன்னலும் போட்டுக் கொடுக்கிற சின்ன கான்ட்ராக்டர். அவர் இறந்த பிறகு பக்கத்திலிருக்கும் சௌல்தாரியில் ஒரு ஃபர்னிச்சர் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே ரம்பமும் உளியும் ஆண்களுக்கு, எமரித் தாள் தேய்ப்பதும் பாலிஷ் போடுவதும் பெண்களுக்கு. ஒன்பது வருடம் எமரி தேய்த்தேன். நாலு ஆள் சேர்ந்தால்தான் தூக்க முடிகிற கட்டில்கள், அலமாரிகள். தேய்க்கத் தேய்க்க மரத்தின் வரிகள் எழும்பி வரும். அதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு கிறுக்கு இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் துண்டுக் கட்டைகளை எடுத்து ரம்பத்தையும் உளியையும் தொட ஆரம்பித்தேன். முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பது அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

யுகுலேலே எங்கள் வீட்டுக்குள் வந்தது என் கணவரால்தான். அதை மறைக்க மாட்டேன். அவர் ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் கப்பல் டிக்கெட் கவுன்ட்டரில் இருக்கிறார். யாரோ ஒரு டூரிஸ்ட் கப்பலில் விட்டுவிட்டுப் போன வாத்தியம், பார்க்கக் குட்டி கிட்டார் மாதிரி, முதுகில் விரிசலோடு மாதக்கணக்கில் ஆபீஸ் அலமாரிக்கு மேலே கிடந்தது. குப்பையில் போடப்போகிறார்கள் என்றதும் கேட்டு வாங்கி வந்தார்.

"இந்தா, நீதான் எதையாவது பிரிச்சு மேஞ்சுக்கிட்டே இருப்பியே" என்று என் மடியில் வைத்தார்.

இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டி, மெல்லிய கத்தியைச் செருகி, பசையை இளக்கி முதுகைக் கழற்றினேன். உள்ளே பார்த்ததும் திகைத்துவிட்டேன். இரண்டு மில்லிமீட்டர் பலகை! அடியில் ஈர்க்குச்சி மாதிரி நாலைந்து சட்டங்கள். அவ்வளவுதான். நான் தேய்த்த கட்டிலின் ஒரு காலை அறுத்தால் இதுபோல் பத்து செய்யலாமே என்று தோன்றியது.

முதலில் செய்தது ஒலிக்கவே இல்லை, தகர டப்பா. இரண்டாவதின் கழுத்து இங்கேயுள்ள மழைக்காலத்தில் வாழைப்பழம் மாதிரி வளைந்துபோனது. மரத்தை எங்கே உலர்த்துவது என்று தெரிந்துகொள்ளவே ஒன்றரை வருடம் ஆயிற்று. அடுக்களைப் பரண்தான் சரியான இடம். பலகையை ஒட்டும்போது பிடித்துக்கொள்ளத் துணி காயப்போடும் கிளிப் போதும். ஐந்தாவது வாத்தியத்தில் தந்தியைத் தட்டியபோது பக்கத்து வீட்டு பெங்காலி அக்கா எட்டிப் பார்த்து, "யே தூனே பனாயா?" என்றாள். நீயா செய்தாய் என்று என்னைப் பார்த்துக் கேட்ட முதல் ஆள் அவள். கடைசி ஆளும் கிட்டத்தட்ட அவள்தான்.

மரத்துக்காகத்தான் ஆர்டர் வந்தது. சிவந்த படாக், நம் ஊர் வாகையேயான கோக்கோ, சாம்பல் பட்டு மாதிரி மினுங்கும் சில்வர்கிரே. இடித்த குவார்ட்டர்ஸின் ஜன்னல் சட்டம், பட்டறையில் மிஞ்சிய துண்டு என்று பார்த்துப் பார்த்து வாங்குவேன். ஒரே ஒரு தடவை மார்பிள்வுட் கிடைத்தது. ஒரு பழைய பங்களாவின் அலமாரித் தட்டு. கறுப்பும் பழுப்பும் பட்டை பட்டையாக ஓடும், புலியின் முதுகு மாதிரி. அதிலிருந்து ஒரு ஜோடிப் பக்கப் பலகைகளை அறுத்து எடுத்தேன். இடது பக்கத்தின் வரி வலது பக்கத்தில் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி வரும். மூன்று வருடம் ஒரு பழைய சேலையில் சுற்றிப் பரணில் வைத்திருந்தேன். வளைக்கத் துணிவு வரவில்லை. அந்த மரம் கோபக்காரி. அவசரப்பட்டால் உடைந்துவிடும்.

இன்டர்நெட்டில் பக்கம் தொடங்கியது அவர் பெயரில். இங்கிலீஷ் அவருக்கு வரும், எனக்குத் தயக்கம். படம் எடுப்பது, பதில் எழுதுவது, பார்சல் கட்டி அனுப்புவது எல்லாம் அவர்தான். நன்றாகவே செய்தார். வருகிற கடிதமெல்லாம் "டியர் சார்" என்றுதான் தொடங்கும். முதல் வருடம் அவர் திருத்தினார். "செய்வது என் மனைவி" என்று எழுதுவார். அதற்கு ஆட்கள் சிரிக்கிற பொம்மை அனுப்புவார்கள். "நல்ல ஜோக் சார்" என்று ஒருவர் எழுதினார். அடுத்த வருடம் அவர் திருத்துவதைக் குறைத்தார். அதற்கடுத்த வருடம் விட்டுவிட்டார். நானும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதை நினைத்தால் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

சுற்றுலா மேளாவில் ஸ்டால் போட்டோம். என் கையில் வாத்தியம் இருக்கும், என் நகமெல்லாம் சிவந்திருக்கும், வருகிறவர்கள் என்னைத் தாண்டி அவரிடம் கேட்பார்கள்.

"சார், இது எவ்வளவு நாள் ஆகும் பண்றதுக்கு?"

"ஒரு மாசம், ஒண்ணரை மாசம்" என்பார் அவர். பதில் சரிதான். கேள்வி போன இடம்தான் தப்பு.

அந்த மேளாவில்தான் வீடியோக்காரர் இவரைப் பிடித்தார். சென்னையிலிருந்து வந்தவர், ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்து இணையத்தில் போடுகிறவர். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். நான் அன்றைக்கு ஒரு படாக் வாத்தியத்தின் மேல்பலகையை மெலிதாக்கிக்கொண்டிருந்தேன். "மேடம், ஒரு நிமிஷம்" என்று என்னை எழுப்பிவிட்டு என் முக்காலியில் அவரை உட்காரவைத்தார். இழைப்புளியை எடுத்துக் கொடுத்தார். என் கணவர் அதைப் பின்பக்கம் முன்னாக வைத்துத் தள்ளினார். ஒரு சுருள்கூட வரவில்லை.

"ஏங்க, திருப்பிப் பிடிங்க" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் கெஞ்சல் இருந்தது. இப்போது வேண்டாம், அப்புறம் பேசலாம் என்கிற பார்வை. நான் வாயை மூடிக்கொண்டேன். பிறகுதான் அந்தத் தூள் தேய்க்கிற சடங்கு. கடைசியில் வீடியோக்காரர் என்னிடம் வந்தார்.

"மேடம், சாருக்கு ஒரு டீ கொண்டுவர்ற மாதிரி ஒரே ஒரு ஷாட்."

கொண்டுபோனேன். ஏன் கொண்டுபோனேன்? வந்திருப்பவர் விருந்தாளி. கேமரா ஓடுகிறது. டீ கொடுத்துக் கொடுத்துப் பழகிய கை. அதற்கு மேல் ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

வீடியோ வந்தது. அதில் என் கணவர் கடலைப் பார்த்தபடி, "மரம் நம்மகிட்ட பேசும், அதைக் கேட்கத் தெரியணும்" என்கிறார். மரம் பேசாது. இத்தனை வருடத்தில் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. சிராய் ஏற்றும், மூக்கில் தூள் ஏறித் தும்மவைக்கும், விரலைக் கிழிக்கும். அவ்வளவுதான். அப்புறம் நான் டீயோடு வருகிறேன். பின்னணிக் குரல் சொல்கிறது: "அவருடைய மனைவியும் கூடமாட ஒத்தாசையா இருக்காங்க."

கூடமாட! அந்த ஒரு சொல் எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவிடவில்லை.

நாத்தனார் மெயின்லேண்டிலிருந்து போன் பண்ணினாள். "மைனி, அண்ணன் கலக்கிட்டாரு! அவருக்கு இவ்வளவு கைத்தொழில் தெரியும்னு எங்களுக்கே தெரியாது!" எனக்கும் தெரியாது என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

அன்று சாயங்காலம் அவர் டியூட்டி முடிந்து வந்ததும் கேட்டேன்.

"நீங்க அதுல ஒரு தடவையாவது என்னைப் பத்திச் சொன்னீங்களா?"

"சொன்னேன்மா. அவன் எடிட்டிங்ல வெட்டிட்டான்."

"என்னன்னு சொன்னீங்க?"

"நீ ரொம்ப சப்போர்ட்டுன்னு சொன்னேன்."

"சப்போர்ட்டா? யாருக்கு யாருங்க சப்போர்ட்டு?"

"அரே, ஏன் இவ்வளவு பெரிசு பண்ற? மத்லப், அதாவது நாம ரெண்டு பேரும் ஒண்ணுதானே? என் பேரு வந்தா என்ன, உன் பேரு வந்தா என்ன?"

"அப்ப என் பேரு வந்திருக்கலாமே?"

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். நல்ல மனிதர், கை நீட்டியதில்லை, குடித்ததில்லை, பட்டறைக்குத் தகரக் கூரை போட்டுக் கொடுத்தவர். இதையெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்லக் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. கெட்டவராக இருந்தால் கோபப்படுவது சுலபம்.

இரண்டு மாதம் கழித்து, ஊரில் ஒரு கலை அமைப்பிலிருந்து அழைப்பு வந்தது. வீடியோவைப் பார்த்தவர்கள். யுகுலேலேக்கு மரப் பலகையை எப்படி வளைக்கிறார்கள் என்று மக்கள் முன்னால் செய்து காட்ட வேண்டும். என்னைக் கேட்காமலேயே அவர் சரி என்று சொல்லிவிட்டார்.

"நீங்க எப்படி வளைப்பீங்க?" என்றேன்.

"பார்த்திருக்கேன்ல? தண்ணியில நனைச்சு, சூடான பைப்புல வெச்சு அமுக்கணும். நீ பக்கத்துல நில்லு. தப்பாப் போனா சொல்லு."

"நான் நிக்க மாட்டேன். வந்து உக்காந்து பாக்குறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தார். நான் மீதிப் படாக் துண்டுகளில் இரண்டு பக்கப் பலகைகளை எடுத்து மேஜை மேல் வைத்தேன். போனாலும் பரவாயில்லை என்கிற பலகைகள்.

ஹாலில் அறுபது, எழுபது பேர் இருந்திருப்பார்கள். டீச்சர்கள், பேங்க் ஆட்கள், நேவிக் குடும்பங்கள், கொஞ்சம் டூரிஸ்ட்டுகள். நான் நாலாவது வரிசையில் உட்கார்ந்தேன். அமைப்பின் செயலாளர், வயதான பெண்மணி, மைக்கில் என் கணவரை "மாஸ்டர்" என்று அறிமுகம் செய்தார். என் கணவர் மேஜைக்கு முன்னால் வந்து பையிலிருந்து ஒரு மூட்டையை எடுத்துப் பிரித்தார்.

அது என் பழைய சேலை. உள்ளே மார்பிள்வுட்.

படாக்கை வீட்டிலேயே விட்டுவிட்டு, பார்ப்பதற்கு எடுப்பாக இருக்கும் என்று பரணில் ஏறி அதை எடுத்து வந்திருக்கிறார். அவர் அந்த ஜோடியைத் தூக்கிக் காட்டியதும் ஹாலில் ஒரு முணுமுணுப்பு. அவ்வளவு அழகு அது. எழுந்து ஓடிப்போய்ப் பிடுங்கியிருக்க வேண்டும். பிடுங்கினால் இந்த ஹாலில் நான் யார்? மாஸ்டரின் சண்டைக்காரப் பெண்டாட்டி.

இரும்பு பைப்புக்குள் தீயைப் பீய்ச்சும் புளோலேம்ப் எரிந்துகொண்டிருந்தது. சூட்டைச் சோதிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிக்க வேண்டும். அது சீறி ஆவியானால் சரி. ஆவியாகாமல் குதித்து உருண்டால் சூடு அதிகம். அவர் தெளிக்கவில்லை. பலகையை நனைத்தார், ஊறவிடவில்லை. பேசிக்கொண்டே வைத்தார். கருகல் வாசனை வந்தது. நான் இருக்கையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அவர் அமுக்கினார்.

கோழி எலும்பை ஒடிப்பது மாதிரி ஒரு சத்தம். பலகை இரண்டாகிவிட்டது.

மூன்று வருடம் சேலையில் சுற்றி வைத்திருந்தது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. சபையைப் பார்த்துச் சிரித்தார். மைக்கில் ஹிந்தியில் சொன்னார்: "லக்டி மே கராபி தா." மரத்தில் பழுது இருந்திருக்கிறதாம்.

என்னை மறைத்ததை எப்படியோ பொறுத்தேன். அந்த மரத்தின் மேல் பழி போட்டதைப் பொறுக்க முடியவில்லை. எழுந்து முன்னால் போனேன். "லக்டி டீக் ஹை" என்றேன். மைக் இல்லாமலேயே எல்லோருக்கும் கேட்டது. "மரம் நல்லா இருக்கு. சூடு ஜாஸ்தி."

புளோலேம்பின் தீயைக் குறைத்தேன். ஒரு துணியை நனைத்து மீதமிருந்த பலகையின் மேல் போட்டு ஊறவிட்டேன். பைப் ஆற வேண்டும். செயலாளர் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். என் கணவர் உடைந்த இரண்டு துண்டுகளையும் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். தண்ணீர் தெளித்தேன். சொட்டு சீறி ஆவியானது. பலகையை வைத்து, அமுக்காமல், காத்திருந்தேன். கை அடியில் அது இளகுவது தெரியும். இளகினால் கூடவே போக வேண்டும், அவ்வளவுதான். முதலில் இடுப்பு வளைவு. பிறகு மேல் தோள். பிறகு கீழ் வயிறு. அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. யாரும் எழுந்து போகவில்லை.

வளைந்த பலகையை மேஜை மேல் நிறுத்தி வைத்தேன். முன்வரிசையில் ஒரு பெண் கேட்டாள், "பனாதா கோன் ஹை?" யார் செய்வது?

"மே பனாதி ஹூ" என்றேன். "நான்தான். எல்லாமே நான்தான். இவர் பார்சல் அனுப்புவார்."

சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்தினார்கள். செயலாளர் மைக்கைப் பிடித்து, "பாருங்கள், கணவன் மனைவி ஒற்றுமைக்கு இதைவிட உதாரணம் வேண்டுமா!" என்று இங்கிலீஷில் சொன்னார். பயங்கரக் கைத்தட்டல். அந்தக் கைத்தட்டலை அள்ளி அந்தச் செயலாளர் முகத்திலேயே வீசலாம் போல இருந்தது.

ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்தோம். இறங்கியதும் அவர் ஆரம்பித்தார்.

"நாலு பேர் முன்னாடி என்னை அசிங்கப்படுத்திட்ட."

"நாலு பேர் முன்னாடிதானே நீங்க நானா நின்னீங்க."

"வீட்டுல சொல்லியிருக்கலாம்ல?"

"வீட்டுலதானே ரெண்டு மாசமாச் சொன்னேன். நீங்க குளிக்கப் போயிட்டீங்க."

அவர் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அந்த மரம் வேற கிடைக்குமா?" என்றார்.

"கிடைக்காது."

"தப்புதான்" என்றார். எந்தத் தப்பு என்று சொல்லவில்லை. நானும் உதவவில்லை.

அடுத்த வாரம் அவராகவே அந்த இன்டர்நெட் பக்கத்தில் எழுதினார். இத்தனை வருடம் செய்தது எல்லாமே என் மனைவி, எனக்கு ஒரு ஆணி அடிக்கத் தெரியாது, நான் சொல்லாமல் இருந்தது தவறு என்று இங்கிலீஷிலும் தமிழிலும் எழுதி, என்னிடம் காட்டிவிட்டுப் போட்டார். நன்றாகத்தான் எழுதியிருந்தார். கொஞ்சம் ஆறினேன். சாயங்காலம் அதற்கு வந்த பதில்களைப் படித்தேன். "என்ன ஒரு மனிதர்!" "மனைவிக்கு இப்படிப் பெருமை கொடுக்கும் கணவர் எத்தனை பேருக்குக் கிடைப்பார்?" "மேடம், யூ ஆர் லக்கி." நூற்றுக்கணக்கில். வாத்தியத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. பாராட்டு முழுக்க மறுபடியும் அவருக்கே போய்ச் சேர்ந்திருந்தது. அவர் போனை என்னிடமிருந்து வாங்கிப் படித்தார். முகம் வாடிவிட்டது.

"நான் என்னதான் பண்றது, சொல்லு" என்றார். அந்த ஒரு தடவை அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். நெட்டுல இருக்கிற போன் நம்பரை மாத்துங்க. என் நம்பரைப் போடுங்க."

இப்போது நான்தான் பேசுகிறேன். "சார் இல்லையா?" என்று கேட்கிறவர்களிடம், "சார் கப்பல் டிக்கெட்டுக்கு. யுகுலேலேக்கு நான்" என்கிறேன். சிலர் வைத்துவிடுகிறார்கள். வைக்கட்டும். அந்த வீடியோவை எடுக்கச் சொல்லிக் கேட்டோம். நிறையப் பேர் பார்த்துவிட்டார்கள், எடுக்க முடியாது, வேண்டுமானால் "தம்பதி ஸ்பெஷல்" என்று இன்னொன்று எடுக்கலாம் என்றார் வீடியோக்காரர். வேண்டாம் என்று வைத்துவிட்டேன். ஆகவே நான் இன்னும் அதில் டீ கொண்டுவந்துகொண்டேதான் இருக்கிறேன்.

போன மாதம் அந்தக் கலை அமைப்பிலிருந்து சான்றிதழ் வந்தது. அவர் பெயரில், மாஸ்டர் கிராஃப்ட்ஸ்மேன் என்று போட்டு. நிகழ்ச்சிக்கு முன்பே அச்சடித்ததாக இருக்கும். அவர் பிரித்துப் பார்த்துவிட்டு மறைக்கப் பார்த்தார். வாங்கிக்கொண்டு நானே நேராக அவர்கள் ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த பெண் அண்ணி முறை வைத்து நன்றாகத்தான் பேசினாள்.

"தப்பாயிடுச்சு பாபி. உங்க பேரையும் சேர்த்துடறேன். இன்னாருடைய மனைவின்னு கீழே போடட்டுமா?"

"சேர்க்க வேண்டாம். அவர் பேரை எடுத்துட்டு என் பேரை மட்டும் போடுங்க. மனைவின்னு எதுவும் வேண்டாம்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டரில் தட்டினாள். பிரின்டரிலிருந்து வந்ததைக் கொடுத்தாள். என் பெயரில் ஒரு எழுத்து தப்பாக இருந்தது. முன்பு என்றால், பரவாயில்லை என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

திருப்பிக் கொடுத்தேன். கெட்டித் தாள் தீர்ந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்றாள்.

மறுநாள் காலை அவர்கள் ஆபீஸ் திறப்பதற்கு முன்பே போய் நின்றேன்.